வாக்கர் துரை என்ன ஆளுங்க?

மைக் எனக்கு ஒத்துக்கொள்ளாத வஸ்து. சிலருக்குக் கத்தரிக்காய் மாதிரி. அரிக்கும் என்று தெரியும், ஆனாலும் விட முடியாது.

நாலு மாதத்துக்கு முன்னால், கம்பெனியில் பாதிப் பேர் கூடியிருந்த ஹாலில், எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜரைப் பார்த்து மைக்கில் சொன்னேன்: "ஐயா, தங்கள் முன்னோர்கள் புளித்த மூத்திரத்தில் நின்று பிழைத்தவர்கள்."

பக்கத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். நடந்துகொண்டிருந்தது அவருக்கு வழியனுப்பு விழா. நான் வழங்கிக்கொண்டிருந்தது வாழ்த்துரை.

எப்படி இந்தக் கதிக்கு ஆளானேன்? வழக்கம்போல ஒரு புத்தகம்தான் காரணம்.

குவைத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை என்று ஒன்று உண்டு. கிளிக்குஞ்சிலிருந்து பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் வரை கிடைக்கும். வேலை முடிந்து நாடு திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் கழித்துவிட்டுப் போன சாமான்களும் அங்கேதான் வந்து சேரும். அப்படி வந்த ஒரு குவியலில் ஒரு தடிமனான அகராதி. ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்கள் — எங்கே பிறந்தன, என்ன அர்த்தம், இன்றைக்கு எந்தெந்த ஊரில் கொட்டிக் கிடக்கின்றன — எல்லாம் போட்டிருந்தது. விலை கேட்டேன். கடைக்காரர் அதைக் கையில் தூக்கி, எடை பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கேட்டாள்: "இதுல நம்ம பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

இதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் பாதிப் புத்தகங்களை வாங்கியிருக்க மாட்டேன்.

நம் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்போம். "ஊர்ல எந்தப் பக்கம்?" "கோயில் பக்கமா, கடைத்தெருப் பக்கமா?" "அப்பா என்ன பண்றாங்க?" "வீட்ல கவிச்சி உண்டா?" — இறங்குவதற்கு முன் விமானம் வட்டமடிக்குமே, அந்த மாதிரி. கடைசியில், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைக் கேட்காமலேயே பதிலை வாங்கிக்கொண்டு தரையிறங்கிவிடுவோம். மங்காஃபில் எங்கள் கட்டிடத்து லிஃப்டில், ஐந்தாவது மாடி வருவதற்குள் இந்த வேலையைக் கச்சிதமாக முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த வியாதி கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். படித்தவன் அல்லவா?

அன்று சாயங்காலமே ஆபீஸ் டெலிபோன் டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளைக்காரராக அகராதியில் தேட ஆரம்பித்தேன். ஸ்மித் — கொல்லர். டெய்லர் — தையற்காரர். குவான்டிட்டி சர்வேயர் கூப்பர் — பீப்பாய் செய்கிறவர்...

டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன பண்றீங்க?"

"ஆராய்ச்சி."

"எங்க பெரியப்பா கல்யாணப் பத்திரிகைய வெச்சுக்கிட்டுப் பண்ணுவாரே, அதே ஆராய்ச்சிதானே? வெள்ளைக்காரனக்கூட விடலையா நீங்க?"

டீ சூடாக இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த பெயர், வாக்கர். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர். (இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு வேறு ஞாபகம் வரும். குவைத்தில் அது கிடைக்காது, மேலே போகலாம்.) நல்ல மனிதர். நடப்பது மட்டும் அவருக்குப் பிடிக்காத காரியம். அவருடைய போர்ட்டா கேபின் ஆபீஸிலிருந்து எதிரே இருக்கிற ஸ்டோருக்கு வருவதற்கும் ஏசி காரில்தான் வருவார். சைட்டில் இருந்த நம் ஆட்கள் அவருக்கு 'நடராஜா சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அகராதியோ, வாக்கருக்கும் நடைக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை என்றது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி முரட்டுத்தனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, மேலே ஏறி நின்று, நாள் முழுக்கக் காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கத் துணி இறுகி, மெத்தென்று ஆகும். மிதிக்கிறவர் வாக்கர். இதே வேலைக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர் என்று பெயர். தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். ஒரே தொட்டி, ஒரே மிதி, பக்கத்துக்கு ஒரு பெயர். இன்றைக்கும் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர்கள் மண்டிக் கிடக்கிறார்களாம். கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பரவியும் விட்டார்கள். ஒருவர் காலடியிலும் இன்று துணி இல்லை.

தொட்டியில் ஊற்றியது என்ன என்பதையும் அகராதி சொல்லியிருந்தது. சோப்பு இல்லாத காலம். பிசுக்கு எடுக்க வேறு வழியில்லை. ஊரெல்லாம் சேகரித்து, புளிக்கவைத்து... போதும்.

இங்கே கலியமூர்த்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள். குவைத்துக்கு வரும்போது ஏஜென்ட் சொன்னாராம்: "கொத்தனார் விசாதான் இருக்கு. போறியா, இல்லையா?" அதற்கு முன் கலியமூர்த்தி நெல் மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். கரண்டி என்றால் சாம்பாருக்குத்தான் தெரியும். ஆனாலும் ஏறி வந்துவிட்டார். முதல் நாள் அவர் கட்டிய சுவரை அன்று சாயங்காலமே இடித்தார்கள். மறுநாள் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஸ்டோர் அவர் கையில். எந்த வால்வு எந்த ரேக்கில் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். விசாவில் மட்டும் இன்னமும் கொத்தனார்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். விசாவில் கொத்தனார் என்று இருந்தால் பெண்டாட்டி பிள்ளையை இங்கே கூட்டிவர முடியாது. ஸ்டோர் சூப்பர்வைசர் என்று மாறினால் முடியும். ஊரில் மனைவி தமிழரசி, மகள் நிவேதா. போன லீவில் போனபோது அந்தக் குழந்தை இவரைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டதாம். இதைச் சொல்லும்போது கலியமூர்த்தி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

தொழிலை மாற்ற வாக்கர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். "நெக்ஸ்ட் வீக்" என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதருக்கு, நெக்ஸ்ட் வீக்கே இல்லாமல் போய்விட்டது. வியாழக்கிழமை விழா, வெள்ளிக்கிழமை ஃபிளைட். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதாவது, ஆரம்பிக்கவே மாட்டார்.

"கவலைப்படாதே கலியமூர்த்தி. நான் ஸ்பீச்ல அவரை உருக வெச்சுடறேன். அந்தச் சூட்டோட சூடா கையெழுத்து வாங்கிடலாம்," என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கலியமூர்த்தி என் டேபிளுக்கு வந்தார். "சார், அந்த விஷயம்..."

"எல்லாம் ரெடி. ரெண்டு பக்கம் எழுதிட்டேன்."

"இல்லீங்க சார், காலைல..."

"காலைலேர்ந்து எனக்கும் அதே நெனப்புதான். போய் நல்ல சட்டையா போட்டுட்டு வா."

சட்டை மாற்றிக்கொள்ளப் போய்விட்டார்.

விழா. பிரியாணி, மாம்பழ ஜூஸ். முன்வரிசையில் வாக்கர் தம்பதி. நாலாவது மேஜையில் கலியமூர்த்தி, தட்டு நிறையப் பிரியாணியோடு, கண்ணை என் மேல் வைத்தபடி. 'பாவம், என்னை நம்பி இருக்கிறான்' என்று நினைத்துக்கொண்டேன். மைக்கைப் பிடித்தேன்.

"வாக்கர் என்று பெயர். அவர் நடந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?" — நல்ல சிரிப்பு. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். பெயரின் பூர்வீகத்துக்குள் இறங்கினேன். தறி, கம்பளி, தொட்டி, மிதி. திருமதி வாக்கர் ஆர்வமாக முன்னால் சாய்ந்து கேட்டார்: "தண்ணீரிலா மிதித்தார்கள்?"

ஆமாம் என்று சொல்வதில் என்ன நஷ்டம்? விழாவுக்கு வந்திருந்த என் மனைவி தூரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி 'வேண்டாம்' என்கிறாள். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் படித்தவனுக்கு வயிறு உப்பிவிடுமே!

சொல்லிவிட்டேன்.

கலியமூர்த்தி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

முதலில் வாய் திறந்தது வாக்கர்தான். "நான் முப்பது வருஷமாகக் கட்டுமானத் தொழிலில் இருக்கிறேன்," என்றார். "நிற்கிற இடம் அப்படியொன்றும் மாறிவிடவில்லை."

ஹால் வெடித்தது. திருமதி வாக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் வீடு டெவன் பக்கம். கல்யாணத்துக்கு முன் என் பெயர் டக்கர்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. வடக்கத்தி வாக்கர், தென்மேற்கு டக்கர் — இரண்டும் ஒரே தொட்டி. மனுஷன் சொந்தத்துக்குள்ளேயே முடித்திருக்கிறார்! அவருக்கே தெரியாது!

அந்த உற்சாகத்தில் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினேன். "சார், எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் உங்கள் முன்னோரைப் பார்த்து, செய்கிற வேலையைப் பெயராக எழுதிவிட்டார். அவர் மறுவருஷமே தொட்டியை விட்டு இறங்கியிருக்கலாம். எழுத்து இறங்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தான். அதோ, நாலாவது மேஜையில் இருப்பவரை ஒரு நாள் காலையில் யாரோ கொத்தனார் என்று விசாவில் எழுதிவிட்டார்கள். அவர் கட்டிய ஒரே சுவரும் அன்றைக்கே போய்விட்டது. இதை இப்படியே விட்டால் அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாம் மிஸ்டர் மேசன் ஆகிவிடுவார்கள். மாற்றக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்."

வாக்கர் எழுந்தார். நடந்தார்! ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தன் சொந்தக் காலால். கலியமூர்த்தியின் பிரியாணிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டோன்ட் வொரி, மிஸ்டர் மேசன். இட்ஸ் டன்."

இட்ஸ் டன்! பார்த்தீர்களா? பேச்சு என்றால் அது பேச்சு!

காரில் திரும்பும்போது மனைவியிடம் சொன்னேன்: "அந்த அம்மா டக்கராம். ரெண்டு பேரும் ஒரே ஆளுங்க."

"ஜாதகப் பொருத்தமும் பாத்தாங்களான்னு கேட்டீங்களா?"

நான் சிக்னலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வாக்கர், தன் தாத்தாவின் தாத்தா எதில் நின்றார் என்று ஊரறியச் சொன்ன பிறகும் வயிறு குலுங்கச் சிரித்தார். அகராதியின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டும் போனார், ஊரில் மாட்டி வைக்கப்போகிறாராம். அவர்கள் தொழிலைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு அதை மறந்துவிட்டார்கள். நாம் பெயரிலிருந்து எடுத்துவிட்டு, லிஃப்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். அகராதி வாங்கித் தேடுகிற ஆளும் உண்டு என்பதை அடக்கத்துடன் சேர்த்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஃபர்வானியாவில் எங்களுக்கு விருந்து. கலியமூர்த்தி குடும்பம் வந்துவிட்டது. இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட ஃபிளாட். ஒரு ரூம் இவர்களுக்கு. நிவேதா கட்டிலின் மேல் உட்கார்ந்து, "அப்பா, ஏசியக் கூட்டு... அப்பா, போதும், கொற... அப்பா, தண்ணி" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அப்பாவுக்கும் கலியமூர்த்தி எழுந்து எழுந்து ஓடினார். வேண்டுமென்றே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்கிற மாதிரிகூட இருந்தது.

எனக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்தால் எனக்கு வாய் திறந்துவிடும். தமிழரசிக்குக் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். தொட்டி, மிதி, வாக்கர் நடந்தது, இட்ஸ் டன். "ஆக, உங்க விசா என்னோட பேச்சுல வந்ததும்மா," என்று முடித்தேன். என் மனைவி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தமிழரசி புருஷனைப் பார்த்தார். "நீங்க வேற மாதிரி சொன்னீங்க?"

கலியமூர்த்தி நெளிந்தார். "அது வந்து சார்... அன்னைக்குக் காலையிலயே அவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருங்க. மத்தியானம் அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க விடல."

எனக்கு ரசம் சட்டென்று புளித்தது. "அப்புறம் எதுக்குய்யா ஹால்ல அப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே? பிரியாணியக்கூடச் சாப்பிடலையே?"

"நீங்க பேசப் பேச, அந்தப் பேப்பரத் திரும்ப வாங்கிக் கிழிச்சுப் போட்டுருவாரோன்னுதான் சார், ஒரு வாய்கூட எறங்கல."