உதட்டில் வைத்த பஞ்சு

போன மாதம் என் மனைவிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் நாலு துளை, ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு. உள்ளே கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே வேலையை முடித்துவிட்டார்களாம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். கொடுத்தார்கள், குடித்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது பொறாமை. அந்த டம்ளரையே முறைத்துக்கொண்டு நின்றேன். புழுக்கத்துக்குச் சட்டையைத் திறந்து விட்டிருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த சின்ன வயது டாக்டர் என் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது யார் சார் பண்ணது, இவ்வளவு நீளமா?" என்று கேட்டார்.

மார்புக் குழியில் தொடங்கித் தொப்புளைத் தாண்டிப் போகும் தழும்பு அது. மேல்பாதி நேர்கோடாக இருக்கும். கீழ்ப்பாதி பிரிந்த சாக்கை மறுபடி தைத்தது போலக் கோணல்மாணலாக இருக்கும். "மேல்பாதி டாக்டர் போட்டது, கீழ்ப்பாதி எங்கம்மா போட்டது" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு, மற்ற மாதங்களில் உழவு. ஆலை வாசலில் வரிசையில் நின்றால் முறை எப்போது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். டீ, பீடி, முதுகு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை, மறுபடியும் டீ. சோறு என்பது ஊருக்குப் போனால் உண்டு. வயிறு எரியும்போதெல்லாம் சோடா குடித்து ஏப்பம் விட்டுச் சமாளித்தேன். அந்த ஏப்பத்தை நான் வைத்தியம் என்றே நம்பினேன், மடையன்.

ஒரு நாள் காலையில் உழவில் இருக்கும்போது மேல்வயிறு திடீரென்று பலகையாக இறுகிவிட்டது. குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. டிராக்டர் முதலாளிதான் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் வயிற்றில் ஒரே ஒரு தடவை கை வைத்தார். அன்று சாயங்காலமே கிழித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "அல்சர் வெடிச்சுக் குடல்ல ஓட்டை விழுந்திருந்துச்சு. கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி உன் வயித்துக் கொழுப்பையே கொஞ்சம் இழுத்து ஓட்டை மேல வெச்சுத் தெச்சிருக்கேன். அது புடிச்சுக்கணும். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணி உள்ள போகக் கூடாது. காத்து பிரிஞ்சா வெக்கப்படாம சிஸ்டர்கிட்ட சொல்லு. குடல் வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் பாதி கவலை விட்டுச்சு." சொல்லிவிட்டு விழுப்புரத்தில் இன்னொரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிப் போனார். அவர் போன பிறகு சாலைகள் மூடிக்கொண்டன.

படுத்த இடத்திலிருந்தே எனக்கு அது தெரிந்தது. முதலில் பஸ் ஹாரன் நின்றது. பிறகு லாரிச் சத்தம் நின்றது. பிறகு ஊருக்கு வெளியே கோடரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நிதானமாக, அவசரமில்லாமல், ஒன்று மாற்றி ஒன்று. கொஞ்ச நேரம் நிற்கும், ஒரு பெரிய முறிவு கேட்கும், காக்கைகள் கத்தும். ரோட்டோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே விழுந்துகொண்டிருந்தன. நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாம் முன்பே கிளம்பிவிட்டார்கள். வார்டில் என்னைத் தவிர வெறும் கட்டில்கள். எங்கேயோ போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்களாம் என்று வாசலில் யாரோ பேசினார்கள். ஜன்னலில் கல்வராயன் மலை தெரியும். அன்று அதன் மேல் மேகம் இறங்கி, மலையே இல்லாத மாதிரி இருந்தது.

எனக்கு மறியலைப் பற்றியோ மலையைப் பற்றியோ ஒரு கவலையும் இல்லை. தாகம். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போயிருந்தது. அதன் மறுமுனையில் பச்சையாக ஏதோ வடிந்துகொண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. கையில் பாட்டில் பாட்டிலாக ஏறுகிற தண்ணீர் வாய்க்கு ஏன் வரவில்லை என்று அழுகையாக வந்தது. இருந்த ஒரே சிஸ்டர் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண், சின்ன வயது. என் நிலையைப் பார்க்கப் பொறுக்காமல், பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, என் உதட்டில் ஒற்றி எடுப்பாள். அந்த ஈரத்துக்காகவே நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்படி அவள் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வந்தாள். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பஸ் இல்லாததால் வரப்பு வழியாகவே நடந்து வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. கூடவே என் அண்ணன். அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். என் மூக்கைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், பிறகு என் தலை எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்தாள்.

"இன்னாத்துக்குத் தாயி பஞ்சுல வெக்கிற?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு இவ்வளவுதான் குடுக்கலாம்மா. உதடு காயாம இருக்கணும்லா" என்றாள் சிஸ்டர்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் உதட்டில் பஞ்சை நனைத்து வைப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். விழுங்கும் சக்தி போய், தெற்கே தலை வைத்து இழுத்துக்கொண்டு கிடக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பால் தொட்டு வைப்பார்கள். அம்மா கை கழுவிக்கொண்டு வந்தாள், முந்தானையைச் செருகினாள், சிஸ்டர் கையிலிருந்து பஞ்சை வாங்கி என் உதட்டில் வைத்தாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தாள்.

அண்ணன் என்னோடு பேச்சை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் மச்சினியை எனக்குக் கட்டி வைக்கப் பார்த்தான், நான் மாட்டேன் என்றேன், அதனால். அப்படிப்பட்டவன் குனிந்து பஞ்சை வைத்துவிட்டு, "டேய் தம்பி, நான் எதுனா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதடா" என்று விம்மினான். சிஸ்டர் பஞ்சு வைத்தவரை எனக்கு அது தண்ணீர்தான். அண்ணன் வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் அண்ணன் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்றால் அவன் பிழைக்க மாட்டான். டாக்டர் சொன்னதெல்லாம் சும்மா தைரியத்துக்குச் சொன்னது என்று தோன்றியது. 

சிஸ்டருக்கு இது எதுவும் தெரியாது. அவள் மனம் குளிர்ந்து போனாள். "இங்க வாரவங்க பேஷண்டைத் தொடவே பயப்படுவாங்க. நீங்க மாத்தி மாத்தி எவ்வளவு நல்லா பாத்துக்கிடுதீங்க" என்றாள். அம்மா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு அண்ணன் எங்கேயோ போய்க் கொஞ்சம் பால் வாங்கி வந்தான். சிஸ்டர் பார்த்துவிட்டாள். ஓடி வந்து டம்ளரைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டினாள். அம்மாவுக்கு அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. "தூக்குல போடுறவனுக்குக்கூடக் கேட்டதைக் குடுப்பாங்களே, நீ ஒரு பொம்பளையா?" என்று கத்தினாள். உங்கள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் ஆன மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போதும் சொல்வதுதானே என்று அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வூட்டுக்கு இட்டுக்கினு போயிடலாம்டா. இங்க உசுரு போச்சுன்னா அறுத்துக் கட்டிக் குடுத்துருவாங்க" என்றாள் அண்ணனிடம். டாக்டர் வரட்டும் என்று கம்பவுண்டர் குறுக்கே நின்றார். "டாக்டரு எங்க? அவரு வர்றதுக்கு ரோடு எங்க?" என்று அண்ணன் கேட்டான். கம்பவுண்டர் கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ இன்னாப்பா சொல்ற?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சாவதானால் வீட்டில் சாகலாம் என்று எனக்கும் இருந்தது.

வைக்கோல் இறக்க வந்த மாட்டுவண்டி ஒன்று ஊருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதில் வைக்கோலைப் பரப்பி என்னைத் தூக்கிப் போட்டார்கள். சிஸ்டர் பாட்டிலைக் கழற்றினாள். மூக்குக் குழாயை மட்டும் எடுக்க மறுத்து, அதன் முனையை மடித்துக் கட்டிவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனாள். அம்மா என் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதிலும் பால்.

வழியெல்லாம் ஆள் நடமாட்டம் இல்லை. கடைகள் மூடிக் கிடந்தன. எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டுக்குள் ஏதோ சூடாகக் கசிந்தது. ஊர் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஊசி இல்லை, மருந்து இல்லை, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காத்திருப்பார்கள். எங்கள் ஊரில் சாவதற்கென்று கொண்டுவந்து கிடத்தியவன் பிழைத்து எழுந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் முதல் தடவையாகச் சரியான பயம் வந்தது. இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தூக்கிப் போட்டது. எனக்குக் காற்று பிரிந்தது. சின்னதாக இல்லை, வண்டிக்காரரே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குடல் வேலை செய்கிறது! நான் பிழைத்துவிட்டேன்! ஆனால் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எல்லாம் வுட்டுப் போவுதே" என்று அழுதாள்.

"நான் சாவல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஆமாஞ்சாமி, நீ சாவல. பேசாத ராசா" என்று அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். வண்டி போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பெரிய புளியமரம் ஒன்று கிளையும் இலையுமாக ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன் மேல் ஏழெட்டு ஆட்கள். வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொணமா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றான் அண்ணன்.

அவர்கள் நல்லவர்கள், அதுதான் கொடுமை. மரம் தடுத்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்களோ தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டு, "சாவு வண்டிடா, வழி வுடுங்க" என்று கிளைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் அம்மாவுக்குக் கை கொடுத்துத் தேற்றினார். என்னை வழியனுப்ப ஊரே ஒத்தாசை செய்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வூடு போறவரைக்கும் தாங்க மாட்டான், இங்கியே ஊத்திடறேன்" என்று பாட்டிலைத் திறந்தாள். நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன். பல் கிட்டிப் போச்சு என்று அழுதுகொண்டே, அண்ணனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். அவன் விரல் என் தாடையில் பட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு, "உம் மச்சினியக் கட்டியிருந்தா எப்பவோ செத்திருப்பேன், போடா" என்றேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவுற நேரத்துலகூட வாயி அடங்குதா பாரு இவனுக்கு!" என்று கையை ஓங்கிவிட்டான். "இன்னாய்யா, பொணத்தப் போய் அடிக்கிற" என்று மரம் வெட்டியவர்கள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தார்கள். பிடித்த கை அப்படியே நின்றது. அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, "இவன் சாவலம்மா. வண்டியத் திருப்புங்கய்யா" என்றான்.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பியபோது கட்டின் கீழ்ப்பாதி நனைந்து ஊறியிருந்தது. தையல் விட்டிருந்தது. சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் பாட்டிலை மாட்டி, வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். டாக்டர் எவனோ ஒருவனுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, வயல்வெளியாகச் சுற்றிக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார். எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு மறுபடியும் தைத்தார்.

எழுந்து உட்கார முடிந்ததும் நான் செய்த முதல் வேலை அம்மாவோடு சண்டை போட்டது. அத்தனை நாளும் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். "என்னைப் பொணமாக்கித்தான் தீருவேன்னு நின்னியே, நீயெல்லாம் பெத்தவளா?" என்று கேட்டேன். அவள் ஜன்னலோரம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"உங்கப்பனுக்கும் இப்டித்தான் மூக்குல குழா வெச்சிருந்தாங்க" என்றாள்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாரு. குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருன்னு நான் சொம்பை மடியில வெச்சுக்கினு குடுக்காம குந்தியிருந்தேன். வுடிஞ்சு பாத்தா ஆளு இல்ல. தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேன்."

 "அவருக்கு இன்னா நோவு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வந்ததேதான்" என்று சொல்லிவிட்டு, ஊசி போட நேரமாகிவிட்டதா என்று கேட்க சிஸ்டரைத் தேடிக்கொண்டு போனாள்.