கழுத்தறுத்தானுக்கு ஒரு வாரிசு

ஓரிக்கையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நீளமானது. பாதியில் என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார். மீதிப் பாதி என் கோழிகளுக்கு. சாயம் காய்ச்சும் பக்கம் கோழி வரக்கூடாது என்பது அவர் சட்டம். கோழிக்குச் சட்டம் தெரியுமா? ஒருமுறை வெள்ளை லெகான் பெட்டை அரக்குச் சாயத்தில் காலை வைத்துவிட்டு வீடு முழுக்கச் சிவப்பாகத் தடம் பதித்துப் போனது. அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் என்னிடம் நாலு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள், இரண்டு கருங்கோழிப் பெட்டைகள், அந்த லெகான் ஒன்று. சேவல் இரண்டு. ஒன்று கருங்கோழிச் சேவல். கொண்டை, அலகு, கால் எல்லாம் கறுப்பு, கர்வமும் கொஞ்சநஞ்சமில்லை. இன்னொன்று கழுத்தறுத்தான். அந்த ரகத்துக்கே பெயர் அதுதான். பிறவியிலேயே கழுத்தில் இறகு இருக்காது, வெறும் சிவந்த தோல்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும், "சமையலுக்குப் பாதி வேலய முடிச்சி வெச்சிருக்குதே" என்று ஒரே ஜோக்கைச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அழகில் என்ன இருக்கிறது? கம்பு இறைத்தால் கறுப்பன் பெட்டைகளைக் கொத்தித் துரத்திவிட்டுத் தான் முதலில் தின்பான். கழுத்தறுத்தான் ஒரு மணியை அலகில் எடுத்துக் கீழே போட்டு, கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்ற பிறகுதான் வாய் வைப்பான். இந்தக் குணத்தை என் வீட்டு ஆண்கள் யாரிடமும் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஏழு பெட்டைக்கு இரண்டு சேவல் அதிகம். விடிந்தால் சண்டை. ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்ற என் கணவரின் அண்ணன் வருவதாக இருந்தது. அவர் கடைக்கோழியைத் தொடமாட்டார். அதனால் அன்றைக்கு ஒரு சேவலை அறுத்துவிடலாம் என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"உன் மொட்டக் கழுத்தையே போட்டுறலாம்மா. கறுப்பன்தான் எல்லாப் பெட்டையும் மிதிக்கிறான். இவன் சும்மா கூப்ட்டுக் கூப்ட்டு விருந்து வெச்சிக்கினு இருக்கிறான்."

ஒரு சிறுவிடை அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. பதினோரு முட்டை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கு முந்தின நாள் பொரிக்க வேண்டும். "அதுல ஒரே ஒரு குஞ்சு மொட்டக் கழுத்தா வந்தா இவன் இருப்பான். இல்லன்னா உங்க இஷ்டம்" என்றேன். அவர் சரி என்றார்.

ஏழாம் நாள் இருட்டு அறையில் முட்டைகளுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு இழை ஓடியிருந்தது. இரண்டு கூமுட்டை. என் கணவரும் எட்டிப் பார்த்துவிட்டு, சாயக்காரர் புத்தியில் ஜோசியம் சொன்னார். வெள்ளை முட்டை இரண்டும் லெகான் போட்டது. கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல். மற்றதெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். எந்தக் கலவையையும் கண்ணாலேயே சொல்கிற மனுஷன், அடித்துச் சொன்னார்.

சனிக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோற்றை வடிக்க மறந்து குழைந்தே போனது. சாயங்காலத்துக்குள் எட்டுக் குஞ்சுகள் வந்துவிட்டன. வெள்ளை முட்டையிலிருந்து வந்த இரண்டும் எலுமிச்சம்பழ மஞ்சள்.

"மஞ்ச எங்கேர்ந்து வந்துது? மஞ்சளே போடலியே" என்று அவர் விழித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துக் கழுத்தைத் தடவினேன். எட்டுக்கும் கழுத்து நிறைய ரோமம். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை தாய்க்கோழி எட்டையும் கூட்டிக்கொண்டு மண் கிளறப் போய்விட்டது. ஒன்பதாவது முட்டை கூடையில் தனியாகக் கிடந்தது. அண்ணன் வந்து கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இறகு பிடுங்குவதற்குச் சாய அடுப்பில் வெந்நீர் ஏறியது. கழுத்தறுத்தானின் கால்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கூடையையாவது சுத்தம் செய்வோம் என்று அந்த முட்டையை எடுத்தேன். உள்ளேயிருந்து கீச் என்று ஒரு சத்தம். ஓட்டில் மிளகு அளவு ஓட்டை.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்று ஓடினேன். முறத்தில் துணி விரித்து, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு முட்டையை வைத்தேன். "இது வர்றதுக்குள்ள பொங்கலே வந்துடும்பா" என்றார் அண்ணன். அவர் இரண்டாவது காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஓடு பிளந்தது. சின்னக் கறுப்பு உடம்பு நழுவி வந்து விழுந்தது. கழுத்து வெறுங்கழுத்து!

"பாருங்க மாமா, பாருங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஈரத்துல எல்லாக் குஞ்சும் இப்டித்தாம்மா இருக்கும். ரோமம் ஒட்டிக்கினு இருக்குது." சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். அவர் சொன்னது நியாயம்தான். நேற்றைய எட்டும் முதலில் இப்படித்தான் இருந்தன. அந்த நியாயத்துக்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அப்போது என் கணவர் அண்ணன் கையைப் பிடித்தார். "இருண்ணா. ஈர நூலப் பாத்து நெறம் சொல்லக்கூடாது. காயட்டும்." பட்டுக்கடைக்காரர்களிடம் ஆயிரம் தடவை சொல்லுகிற பேச்சு. எனக்காக அவர் அதைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் முதுகு உலர்ந்து பொசபொசவென்று எழும்பியது. பிறகு தலை. பிறகு வயிறு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவர் குனிந்து குஞ்சின்மேல் மெதுவாக ஊதுவது கேட்டது.

"ஏய், மொட்டதான்" என்றார்.

மொட்டையேதான். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வெறும் தோல். தொண்டைக்குக் கீழே மட்டும் ஒரு சின்னக் குஞ்சம். அலகும் காலும் கறுப்பு. அப்படியானால் தாய் யார்? கறுப்பனின் சொந்த ரகத்துப் பெட்டையே விருந்து வைத்தவனிடம் போயிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே கைதட்டினேன். என் கணவர் எழுந்து போய்ச் சேவலின் கால் கட்டை அவிழ்த்துவிட்டார்.

அண்ணன் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கறுப்பன இவன் தர மாட்டான். இன்னைக்குக் கூழுக்குக் கருவாடுதான்னு தெரிஞ்சிபோச்சி" என்றார். "அந்த வெந்நி சும்மா கொதிச்சிக்கினு இருக்குதேம்மா, நான் குளிக்கவாவது வெளாவிக் குடு."