புரியுதா என்று கேட்காத வகுப்பு

பூமயில் அக்கா எங்கள் கம்பெனியில் சேர்ந்தது 1997ஆம் ஆண்டு, தொலைபேசியில் பதில் சொல்வதற்காக. இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்களுக்கு மூன்று அறைகள். ஹாஜா முகைதீன் பாய் முதலாளி. நிரல் எழுதுவதற்கு நானும் இன்னொருவரும். அரிசி ஆலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மென்பொருள் செய்து கொடுப்போம். கொடுத்த மறுநாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். அதை எடுத்து எடுத்தே எங்கள் வேலை கெட்டதால் பாய் அக்காவை அமர்த்தினார்.

அப்போது அக்காவுக்கு இருபத்தேழு வயது. ஊர் திருவாடானைக்குப் பக்கம். அவருடைய அய்யா சோணைமுத்து மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போட்டவர். மகளை விடுதியில் சேர்த்துக் கல்லூரி வரை படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அக்கா அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு கம்ப்யூட்டர் டிப்ளமோ, அதன் பிறகு எங்கள் கம்பெனி.

அக்கா தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அழைப்பவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுவார். 'பெட்டி கோவமா சத்தம் போடுது' என்று பரமக்குடியிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதியிருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்த நோட்டை பாயிடம் கொண்டுபோய், வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் கோளாறே இல்லை, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கேட்பவைதான் என்று காட்டினார். பாய் யோசித்துவிட்டு, இனிமேல் வாடிக்கையாளருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் அந்த வேலை அவரிடம் வந்தது.

1999இல் மண்டபத்தில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனம் எங்களிடம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் இறால் எந்தப் படகில், எந்த நாளில் வந்தது என்று காட்ட வேண்டும் என வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கியிருந்த நேரம். நான் நான்கு மாதம் உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதினேன். அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடும் எழுதினேன். அந்தக் கையேட்டை வைத்து அக்கா இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். திரையின் முதல் மெனுப் பட்டியலில் தொடங்கிக் கடைசிப் பட்டியல் வரை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அங்கே வேலை செய்த எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புரியுதா என்று கேட்டார். புரியுது என்றார்கள். பயிற்சி முடிந்தது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் அந்த நிறுவனத்தின் மேலாளர் அருளானந்தம் தொலைபேசியில் பாயைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். தூத்துக்குடி துறைமுகத்தில் அவர்களுடைய சரக்கைத் தடுத்து வைத்திருந்தார்கள். ஒரே படகின் பெயரில், அந்தப் படகு ஒரு மாதம் பிடித்தாலும் வராத அளவு இறால் பதிவாகியிருந்தது. கடலுக்கே போகாத நாளில் சில படகுகள் இறால் கொண்டுவந்ததாகப் பதிவு இருந்தது.

நான் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தப்பு இல்லை. படிக்காத பெண்களிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பாய் முன்னால் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. பாயிடம், நான் போய் மூன்று நாள் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பாய் என்னையும் கூடப் போகச் சொன்னார்.

படகு கரைக்கு வருகிற காலையில் அந்த நிறுவனத்தின் கொட்டகையில் நிற்க இடம் இருக்காது. ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் ஓடும். கூடை கூடையாக இறால் வந்து இறங்கும். பெண்கள் நின்றபடியே அளவு பார்த்துப் பிரிப்பார்கள். அக்கா ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் காலையில் ஒருவர்கூடப் போகவில்லை. படகு எண்ணையும் எடையையும் பழைய அட்டைப்பெட்டித் துண்டுகளில் கிறுக்கி வைத்துக்கொண்டார்கள். மாலையில் வேலை முடிந்ததும் ஜெபமாலை என்ற பெண் அந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு போய் ஒட்டுமொத்தமாகத் தட்டினார். பாதி அட்டையில் ஈரம் பட்டு எழுத்து கலைந்திருந்தது.

ஜெபமாலைக்கு ஊர் தங்கச்சிமடம். அக்காவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தவறியவர். கொட்டகையில் இறாலைக் கையில் எடுத்தவுடனே கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே கம்ப்யூட்டர் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிடும்போது அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் இருந்தேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் வகுப்பு எடுத்தப்ப உங்களுக்கு எதுவரைக்கும் புரிஞ்சுச்சு?"

ஜெபமாலை சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உண்மையச் சொல்லட்டா டீச்சர்? ஒண்ணுமே புரியல. நீங்க நல்லாத்தான் சொன்னீக. ஆனா வேகமாப் போயிட்டீக. புரியலைன்னு சொன்னா வேலையை விட்டு நிப்பாட்டிருவாகளோன்னு பயம். ஒருத்தி புரியுதுன்னா, எல்லாரும் புரியுதுன்னோம்."

நான் வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே கையால் நிறுத்தினார். வேறு என்ன கஷ்டம் என்று கேட்டார். ஜெபமாலை அதற்கப்புறம் தயங்கவில்லை. படகு வந்ததும் முதலில் தெரிவது படகு எண். ஆனால் திரை முதலில் எடையைக் கேட்கிறது. எடை கடைசியில்தான் தெரியும் என்பதால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நகர்த்திவிட்டு, பிறகு வந்து மாற்றலாம் என்று நினைப்பார்கள். மாற்றுவது எப்படி என்று தெரியாது. பட்டியலில் முதலாவதாக இருக்கும் படகையே தேர்ந்தெடுத்துவிட்டால் கம்ப்யூட்டர்ப் பெட்டி சத்தம் போடுவதில்லை என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஒரே படகில் அத்தனை இறால் வந்த கதை அதுதான்.

அன்று மாலை அக்கா என்னை அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார வைத்தார். அதற்கு முன் ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்திருந்துவிட்டு வரச் சொன்னார். ஜெபமாலை கூடையைப் பார்த்து எண்களைச் சொன்னார், நான் தட்டினேன். விரல் மரத்துப்போய் ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது. நானே எழுதிய திரையில் எனக்கே அடுத்த இடம் தெரியவில்லை. மூன்று படகுக்குள் இரண்டு தப்பு. சுற்றி நின்ற பெண்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தன் முந்தானையை நீட்டி, கையைத் துடைச்சுக்கங்க தம்பி என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் உச்சிப்புளி தாண்டியபோது அக்கா சொன்னார்:

"தப்பு உன்னோடது மட்டும் இல்ல தம்பி. அறிவொளியில நான் ஒரு நாள்கூட போர்டுல எழுதிக்காட்டி புரியுதான்னு கேட்டதில்ல. அவுகவுக கையில சிலேட்டக் கொடுத்து, அவுக பேரை எழுத வப்பேன். கம்ப்யூட்டர்னு வந்ததும் எனக்கே பெருமை வந்துருச்சு. அதெல்லாம் மறந்துட்டேன்."

அடுத்த பத்து நாளில் நான் திரையை மாற்றினேன். படகு எண் முதலில் வந்தது. எடை கடைசிக்குப் போனது. கம்ப்யூட்டரைக் கண்ணாடி அறையிலிருந்து எடை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விசைப்பலகைக்கு பிளாஸ்டிக் உறை போட்டார்கள். அக்கா என் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயிற்சியை எழுதினார். மெனுப் பட்டியலில் தொடங்காமல், காலையில் முதல் படகு வருவதில் தொடங்கியது அது. பழகுவதற்கென்றே மென்பொருளுக்குள் ஒரு பொய்க் கம்பெனியை உருவாக்கித் தரச் சொன்னார். அதில் பொய்ப் படகுகள். எதை அழித்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. வேண்டுமென்றே தப்பாகப் பதிவு செய்து அதைத் திருத்துவதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கினார். அதை முதல் நாளிலேயே வைத்தார்.

பாய்க்குத் தயக்கம். இரண்டு நாள் வகுப்பு நான்கு நாளாகிவிட்டது, பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒரு நாள் வேறு. யார் இவ்வளவு நேரம் ஆட்களை விடுவார்கள் என்று கேட்டார். அக்கா பழைய நோட்டை எடுத்து, ஒரே வாடிக்கையாளர் ஒரே கேள்வியைப் பதினேழு தடவை கேட்டிருந்த பக்கத்தைக் காட்டினார். பாய் நோட்டை மூடிவிட்டுச் சரி என்றார்.

மண்டபத்தில் நடந்த இரண்டாவது வகுப்பில் அக்கா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். விசைப்பலகை பெண்கள் கையில் இருந்தது. தடுமாறினால் காத்திருந்தார். புரியுதா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. செஞ்சு காட்டுங்க என்று மட்டும் சொன்னார். ஜெபமாலை தன் தப்பைத் தானே திருத்தியபோது அந்த மேசையைச் சுற்றி நின்ற முகங்களை நான் பார்த்தேன். நான் எழுதிய எதுவும் அதற்கு முன் யார் முகத்திலும் அப்படி ஒரு தெளிவைக் கொண்டுவந்ததில்லை.

அந்த மாதம் மண்டபத்திலிருந்து மூன்றே அழைப்புகள். அதில் ஒன்று அருளானந்தம் நன்றி சொல்வதற்காக அழைத்தது.

அதன் பிறகு எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அக்கா முதலில் போய் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்பார். மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார்ந்தார். அரிசி ஆலையில் தவிடு பறக்கும் மூலையில் உட்கார்ந்தார். அவர் வந்து சொன்ன பிறகே நான் திரையை எழுதத் தொடங்குவேன். என் வேலை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அர்த்தமுள்ளதாக ஆனது.

2002இல் இறால் நிறுவனம் வேறு கைக்கு மாறியபோது ஜெபமாலைக்கு வேலை போனது. அக்கா பாயிடம் நேராகப் போய், அவரை எங்கள் பயிற்சியாளராக எடுக்க வேண்டும் என்று கேட்டார். பத்தாம் வகுப்பு தவறியவர் எப்படி வகுப்பு எடுப்பார் என்று பாய் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், மூன்று வருடத்துக்கு முன்னாலாக இருந்தால். ஜெபமாலைக்குத்தான் பயம். நாகப்பட்டினத்தில் முதல் வகுப்பு. எதிரே பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பேர் பட்டதாரிகள். எனக்கும் முதல் வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை, புரிந்ததாகப் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்திருக்கிறார். அதைக் கேட்டதும் பட்டதாரிகளில் ஒருவர் கையைத் தூக்கி, எனக்கும் புரியலை என்றாராம்.

சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் இதைக் கேள்விப்பட்டு 2004இல் அக்காவை அழைத்தது. பாய் தடுக்கவில்லை, மதுரை வரை வந்து ரயில் ஏற்றிவிட்டார். நான்கு வருடம் அங்கே இருந்தார். வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அந்த நிறுவனம் கொடுத்த பயிற்சிகளைப் புதிதாக வடிவமைத்தார். அய்யாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் போன வருடம் ஊர் திரும்பிவிட்டார். இப்போது இராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தே மூன்று நிறுவனங்களுக்குப் பயிற்சிகள் எழுதிக் கொடுக்கிறார். வாரம் ஒருமுறை எங்கள் மாடிக்கும் வருவார்.

இந்த 2009 ஜூனில் பாய் வீட்டில் அவர் மகள் மெஹருன்னிசாவின் திருமணம். பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா ஜெபமாலையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் அறுபத்து நான்கு பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருப்பேன் என்று நன்றி சொன்னார். ஜெபமாலைக்கு வெட்கமாகிவிட்டது.

"நீங்க பக்கத்துல வந்து உக்காந்து கேட்டீக டீச்சர். அதுக்கு முன்ன யாரு கேட்டா? பிள்ளைகளப் படிக்க வச்சதெல்லாம் இந்த வேலையாலதான். நன்றின்னா நானில்ல சொல்லணும்."

நானும் ஏதோ சொல்ல நினைத்தேன். பத்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. கொட்டகைப் பெண்களைப் பற்றி நான் பேசியதற்கு மன்னிப்பும், என்னைத் திட்டாமல் கூடவே வைத்துக்கொண்டதற்கு நன்றியும். எப்படியோ தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டேன். அக்கா கேட்டுவிட்டு, அதெல்லாம் எப்பவோ போச்சு தம்பி என்றார். பிறகு, திங்கட்கிழமை புதுமடத்தில் ஒரு புதிய வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதாகவும், நேரம் இருந்தால் நானும் வந்து இரண்டு நாள் உட்காரலாம் என்றும் சொன்னார். போகிறேன்.