மஸ்டர் கொட்டகைக்கு மேலே

“இன்னும் கொஞ்சம் பின்னால எடுங்கண்ணே” என்றாள் மாரீஸ்வரி, கைப்பேசியை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

பயணிகளை ஏற்றிப் போகும் தன் ஜீப்புக்குள்ளிருந்து வேதமுத்து தலையை நீட்டினார். “பின்னால பாதாளந்தான் தாயி இருக்கு.”

“அப்ப அப்படியே நில்லுங்க. மஞ்சு வரட்டும்.”

மஞ்சு என்றால் இந்தப் பக்கத்தில் பனிமூட்டம். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அது விலகக் காத்திருப்பார்கள். மாரீஸ்வரி அது வரக் காத்திருப்பாள். பள்ளத்திலிருந்து வெண்மை மெல்ல ஏறி வந்து சக்கரங்களை விழுங்கியது. அவள் ஒரே ஒரு படம் எடுத்தாள். அதில் ஜீப் தரையில் இல்லை, மேகத்தின்மேல் நின்றது. வேதமுத்து வாங்கிப் பார்த்துவிட்டு, “பறக்குற வண்டிக்கு எந்த ஆப்பீசுல பெர்மிட்டு குடுப்பான்?” என்றார். ஆனாலும் வண்டி விளம்பரத்துக்கு அந்தப் படத்தைத்தான் போடச் சொன்னார்.

மாரீஸ்வரிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். சின்னக்கானல் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். பயணிகள் குறைந்ததும் ஓட்டல்காரர்கள் ஆளைக் குறைத்தார்கள். அங்கே இருந்தபோது ஓட்டலுக்காக இன்ஸ்டாகிராமில் படம் போடப் பழகியிருந்தாள். அதையே இப்போது சூரியநெல்லியின் சின்னச் சின்னக் கடைகளுக்குச் செய்கிறாள். வீட்டில் சாக்லேட் செய்து விற்கிற பெண், தையல்கடை, முடிவெட்டும் மிக்கேல்ராஜ். யாரிடமும் கையில் காசு அதிகம் புழங்குவதில்லை. தையல்காரி ஜாக்கெட் தைத்துத் தருகிறாள். மிக்கேல்ராஜ் வீட்டுக்கே வந்து அவளுடைய அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டுப் போகிறார்.

அப்பா ராக்கப்பனுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பஞ்சாயத்தின் வலிதணிப்புக் குழுவோடு வாரம் ஒரு முறை நான் அவரைப் பார்க்கப் போகிறேன். அவள் கணவன் மணிகண்டன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வதால் அவர்களுக்கு லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு வீடு இருக்கிறது. மாரீஸ்வரியைப் பார்த்தால் தூக்கத்தில் நடப்பவள் போலத் தோன்றும். சோறு குழைந்தாலும் தெரியாது. கேட்டால், “இன்னும் கண்ணுக்கு வரலம்மா” என்பாள். செய்ய வேண்டிய விளம்பரத்தைச் சொல்கிறாள். ஆனால் ராக்கப்பனின் முதுகில் ஒரு புண் கிடையாது. வேளை தவறாமல் புரட்டிவிடுகிறாள். படுக்கையில் கிடப்பவரின் முதுகைப் பார்த்தால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துவிடும். அவள் கனவு காண்கிறவள்தான், கவனமில்லாதவள் அல்ல.

மழையில் கைப்பேசியை எண்ணெய்ப் பாக்கெட் உறைக்குள் போட்டுக்கொள்வாள். லயத்துக்குள் போனுக்கு ரேஞ்சு கிடையாது. ரோட்டு வளைவில் முருகன் கோயில் சுவரை ஒட்டி நின்றால்தான் கிடைக்கும். படங்களைப் போடுவதற்கும் அவளுக்கு ஒரு நேரம் உண்டு. தேயிலைக் கொழுந்து எடுத்த பெண்கள் எடை போட வரிசையில் நிற்கிற நேரம். “சாக்கு தலையில, போன் கையில. வேற எங்கயும் பாக்க முடியாதுல்ல” என்பாள்.

கற்பகத்தின் விவகாரம் தை மாதத்தில் தொடங்கியது. கற்பகம் ஐம்பது தாண்டிய கைம்பெண். கொழுந்து எடுத்தவள், கணவன் ஜீப் ஓட்டிச் சேர்த்ததில் எஸ்டேட்டுக்கு வெளியே கொஞ்சம் பட்டா நிலம் வாங்கி, பயணிகளுக்கென்று மூன்று அறைகள் கட்டினாள். இப்போது மூன்றும் பூட்டிக் கிடக்கின்றன. “பங்குனி வரைக்கும் பாக்கேன். யாரும் வரலன்னா வீட்டக் குடுத்துட்டு மககூட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருதேன்” என்று சொல்லிவிட்டாள். வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து போயிருக்கிறார். கற்பகத்துக்கு முட்டி தேய்ந்திருக்கிறது. நாள் முழுக்க நின்று பனியன் மடிக்கிற கால் இல்லை அது.

மாரீஸ்வரி அந்த வீட்டுக்குள் போய் ஒரு பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு படம் எடுத்து வந்தாள். ஈரம் படிந்த சன்னல், வெளியே மஞ்சு, அதற்குள் இடிவிழுந்த கிராண்டிஸ் தைலமரம் ஒன்று பாதி தெரிந்தும் தெரியாமலும்.

“என்னட்டி இது, ஒரே புகையா இருக்கு?” என்றாள், மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து அதைப் பார்த்த கற்பகம். “யானை எங்க?”

“உன் வீட்டுலயா மதினி யானை இருக்கு?”

“எல்லாரும் போடுதாகல்ல. யானை, அருவி, ஒரு வெள்ளக்காரி. நீயும் போடு.”

“வந்தவன் யானை எங்கன்னு கேப்பான். கட்டிலுக்கு அடியில பாக்கச் சொல்லவா?”

படுக்கையில் ராக்கப்பன் குலுங்கிச் சிரித்தார். கற்பகம் அரை மனதோடு சரி என்றாள்.

தவறு படத்தில் நடக்கவில்லை, வழி சொன்னதில் நடந்தது. ‘ரெண்டாம் டிவிஷன், மஸ்டர் கொட்டகைக்கு மேலே, இடிவிழுந்த கிராண்டிஸ் பக்கம்’ என்று மாரீஸ்வரி எழுதிப் போட்டுவிட்டாள். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். டிவிஷன் என்றால் எஸ்டேட்டின் ஒரு பிரிவு, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம்தான் மஸ்டர் கொட்டகை. கொச்சியிலிருந்து வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒருவர் கூப்பிட்டு, அது எந்த ஓட்டலுக்குப் பக்கம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகு பல நாள் யாருமில்லை. கற்பகம் வாய்விட்டுத் திட்டினாள்.

அதன்பின் அந்தப் படத்தைப் பார்த்துத் திருப்பூரிலிருந்தும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் பழைய எஸ்டேட்டுக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது இங்கே விதி. போனவர்கள் பங்குனித் திருவிழாவுக்கு வந்தால் யாராவது ஒருவரின் ஒற்றை அறையில், அடுப்படியில், காலை மடக்கிப் படுக்க வேண்டும். அந்த மஸ்டர் கொட்டகையும் அந்த மரமும் எங்கே என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கூப்பிட்டவர் தேயிலைக்கு மருந்து அடிக்கும் ஆளாக இருந்த ஆறுமுகசாமி. கற்பகம் அவரிடம், “உங்களுக்கு எதுக்குண்ணே வாடகை, சும்மா வந்து தங்குங்க” என்று சொல்லிவிட்டாள். ஓர் அறை அப்படிப் போயிற்று.

மாரீஸ்வரி அன்றைக்குத்தான் கனவிலிருந்து முழுதாக விழித்ததைப் பார்த்தேன். “ஓசியில எல்லாரையும் தங்க வச்சிட்டு நீ திருப்பூருக்குப் போ. அங்க அவுக உன்னைய ஓசியில வச்சுக்கிடுவாகளா?”

“வச்சுக்கிடுவாக” என்றாள் கற்பகம். “ஒண்ணாக் கொழுந்து எடுத்தவகட்டி. அவுககிட்ட எந்த வாய வச்சுக் காசு கேக்க?”

போன வாரம் ராக்கப்பனைக் குளிப்பாட்டிவிட்டு, திரும்புவதற்கு வண்டி எதிர்பார்த்து வளைவில் நின்றேன். ரேஞ்சுக்காகக் கற்பகமும் வந்திருந்தாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து மாரீஸ்வரி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சு எங்கள் முழங்கால் வரை ஏறியிருந்தது. மூன்று பேருக்கும் கால் இல்லை. கற்பகத்தின் போன் அடித்தது. காதில் சரியாக விழாது என்று அவள் அதை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுப்பாள்.

“மதினி, நான் பூமாரி, கீழ லயத்துப் பூமாரி. திருப்பூர்லருந்து பேசுதேன். அது உங்க வீட்டுச் சன்னல்தான? திருவிழாவுக்கு ஆறு பேரு வாரோம். ரூமுக்கு எம்புட்டு?”

கற்பகத்தின் முகம் மலர்ந்தது. “அட பூமாரி! உனக்கு எதுக்குட்டி…”

மாரீஸ்வரி திரும்பக்கூட இல்லை. பள்ளத்தைப் பார்த்தபடியே இடது உள்ளங்கையைக் கற்பகத்தின் வாய்மேல் வைத்து மூடினாள். வலது கையால் போனைத் தன் பக்கம் இழுத்தாள். “பூமாரிக்கா, மாரீஸ்வரி பேசுதேன். ரெண்டு ரூமு இருக்கு, சுடுதண்ணி உண்டு, வாடகை உண்டு.” ஒரு நாள் வாடகையை ஓட்டல் குரலில் தெளிவாகச் சொன்னாள்.

உள்ளங்கைக்கு மேலே கற்பகத்தின் கண்கள் மட்டும் அகன்று தெரிந்தன.

“அப்பாடி” என்றாள் பூமாரி. “மதினி சும்மா தங்குன்னு சொல்லிருவாகளோன்னு பயந்துக்கிட்டே கூப்பிட்டேன். சும்மான்னா ஒரு ராத்திரிக்கு மேல இருக்க முடியாதுல்ல. நாலு நாளைக்குப் போட்டு வையி.”

பேச்சு முடிந்தது. கை இறங்கவில்லை, கற்பகமும் அதை விலக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. மாரீஸ்வரி உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு எடுத்தாள்.