பஸ்ஸில் நின்றபடி கேட்ட வைத்தியங்கள்

இன்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். "இந்த முதுகு வலி முழுசா போகாதுங்க. மாத்திரை, பயிற்சின்னு சமாளிச்சு வாழப் பழகுங்க."

ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். எனக்கு வயது முப்பத்திரண்டு.

குண்டசாலை பஸ்ஸில் எப்படியோ ஓர் இடம் கிடைத்தது. பிறகு ஏறிய ஓர் அம்மா கேட்டார், "இந்த வயசுல நிக்க ஏலாதா புள்ள?"

விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் எழுந்துவிட்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே வலி தாங்காமல் அழுதேன். அந்த அம்மா காரணம் கேட்டார், சொன்னேன்.

"ஐயோ, நொச்சி எண்ணெய் தேச்சுப் பாருங்க" என்றார் உட்கார்ந்தபடியே. பின்சீட்டுக்காரர் இஞ்சி ஒத்தடம் என்றார். கொண்டக்டர் யோகா என்றார்.

இறங்கும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

நாளை எப்படி வேலைக்குப் போவேனோ தெரியவில்லை.

கமெண்டில் தயவுசெய்து எண்ணெய் பெயர் எழுதாதீர்கள். குண்டசாலை பஸ்ஸில் வந்து எனக்கு இடம் தரக்கூடியவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.