பேய்க்குக் குரல் கொடுத்தவள்

என் அக்கா நன்றாகப் பாடுவாள். சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும், கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. அதன்பின் அவளால் கிசுகிசுக்க மட்டுமே முடிந்தது.

அத்திம்பேர் மைசூர் அக்ரஹாரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒருநாள் மூடி கழற்றியிருந்த ரேடியோ ஒன்று வீலென்று கத்தியது. அணைக்கப் போன அக்காவின் கை அருகில் வந்ததும் சத்தம் ஏறியது. கையை இழுத்தாள், இறங்கியது. மெல்ல விரலை அசைத்துப் பார்த்தாள். கமகம் போலவே குழைந்தது.

"இன்னொரு தரம் பண்ணு" என்றார் அத்திம்பேர், வேலையைப் போட்டுவிட்டு.

வால்வுகளையும் ஒரு பித்தளைக் கம்பியையும் வைத்து அவளுக்கென்றே ஒரு பெட்டி செய்தார். அதைத் தொடாமல், காற்றில் கையை அசைத்தே அக்கா வாசித்தாள். மாதக்கணக்கில் பழகித் தோடியைக் கொண்டுவந்துவிட்டாள்.

ராமநவமிப் பந்தலில் ஒரு மாலை இடம் கிடைத்தது. ஆலாபனை தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. யாரோ சிரித்தார்கள். "சாகு, சாகு!" என்று கன்னடத்தில் குரல்கள் எழுந்தன. போதுமாம். அத்திம்பேர் ஸ்விட்சை அணைத்தார்.

அங்கேயிருந்த நாடகக் கம்பெனி முதலாளிக்கு மட்டும் பிடித்துப்போயிற்று. "பேய் வர்ற சீனுக்கு இதைவிட என்னம்மா வேணும்!"

அக்கா மாட்டேனென்று தலையசைத்தாள். ஆனால் வேறு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் போனாள். வருஷக்கணக்கில் திரைக்குப் பின்னால் நின்று பேயாக அழுதாள். மற்ற கம்பெனிக்காரர்களும் அத்திம்பேரிடம் அதே பெட்டியைச் செய்து வாங்கிப் போனார்கள். பிறகு சினிமாவிலும் பேய் என்றால் அந்த ஊளைதான்.

ஒரு மாட்னிக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். பேய் வந்தது. கொட்டகையே அலறியது. அக்கா என் காதருகே குனிந்தாள்.

"தோடியில காந்தாரத்தை நான் இப்படித்தாண்டி அசைப்பேன். யாரோ கேட்டு எடுத்துண்டிருக்கா."

"பெருமைதானே அக்கா?"

"எல்லாரும் பயப்படறாளே. அது என் தொண்டைடி."

படம் முடியும்வரை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் நாடகத்துக்குப் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தோடி மட்டும் வாசித்தாள்.

அக்கா காலமான பிறகு அத்திம்பேர் பெட்டியைப் பிரித்து, வால்வுகளை ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"வேற யார் கை வெச்சாலும் அது கத்தத்தான் போறது" என்றார்.