என் மனு போய்ச் சேர்ந்த இடம்

இன்று காலை ஆம்பூர் பஸ்ஸில் இருந்தபோது ஒரு போன். குரலில் அவ்வளவு மரியாதை. அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

"மேடம், உங்க ஊர் விஏஓ பேசறேன். கலெக்டர்கிட்ட ஒரு மனு குடுத்தீங்களே, அது என்கிட்ட வந்திருக்குது."

மூன்று வாரத்துக்கு முன் குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனு. எங்கள் ஊர் விஏஓ ஆபீஸைத் திறப்பதே இல்லை என்று எழுதியிருந்தேன்.

"மனுவே உங்க மேலதானே சார்? உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"கலெக்டர் ஆர்டிஓவுக்கு அனுப்பினாரு, அவரு தாசில்தாருக்கு, தாசில்தார் ஆர்ஐக்கு. ஆர்ஐ என்கிட்ட குடுத்து, விசாரிச்சு ரிப்போர்ட் எழுதச் சொல்லிட்டாரு."

இத்தனை பேரில் ஒருவர்கூட மனுவைப் படிக்கவில்லையா? இல்லை, படித்துவிட்டுத்தான் அனுப்பினார்களா?

"ஒண்ணும் இல்ல மேடம், ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போய்டுங்க."

"ஆபீஸ் எப்ப சார் தொறந்திருக்கும்?"

"நீங்க என்னைக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க, தொறந்து வைக்கிறேன்."

பக்கத்து சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போகாதக்கா. எங்க சூப்பர்வைசர் மேல கம்ப்ளெயிண்ட் குடுத்தோம். எங்கள கூப்ட்டு விசாரிச்சதே அவருதான்" என்றாள்.

போனால், ஆபீஸ் திறந்திருந்தது என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. போகாவிட்டால், மனுதாரர் வரவில்லை என்று எழுதி மனுவை முடித்துவிடுவார்.

போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் விஏஓவிடம் வேலை இருந்தால் கமெண்டில் போடுங்கள், நான் போகிற அன்றைக்கே எல்லோரும் போய்விடலாம். மறுபடி எப்போது திறப்பாரோ!